ஆஸ்திரேலியாவின் பூக்கும் மரங்கள்: நடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். மாதம் ஒருமுறை நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து காட்டுப் பாதையில் நடக்கப் போவோம். புதிதாகச் சேர்கிறவர்களும், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோரும் வழியில் கேட்கிற சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருந்தன. வாட்ஸ்அப்பில் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்த பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன.

படிக்கும்முன் ஒன்று: இங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர், செப்டம்பர் முதல் நவம்பர் வரை வசந்தம்.

இங்க மரமெல்லாம் ஒரே மாதிரி சாம்பல் பச்சையாத்தானே இருக்கு? இதுல பார்க்க என்ன இருக்கு?

வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நம் ஊரில் சரக்கொன்றை பூத்தால் தெருமுனையிலிருந்தே தெரியும். இங்கே பல மரங்கள் அப்படிக் கூப்பிட்டுக் காட்டாது. தூரத்திலிருந்து காடு முழுக்க ஒரே மங்கிய பச்சை. பக்கத்தில் போய் நின்றால்தான் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும். யூகலிப்டஸில் மட்டும் 700க்கும் மேற்பட்ட வகைகள், மஞ்சளாகப் பூக்கும் வாட்டில் மரத்தில் ஏறத்தாழ 1,000 வகைகள் இருக்கின்றன.

பூ இல்லாத நாளிலும் பார்க்க விஷயம் உண்டு. சிட்னியின் மணற்பாறைகளுக்கு மேல் வளைந்து நெளிந்து நிற்கும் அங்கோஃபோரா மரம், கோடை நெருங்கும்போது பழைய பட்டையை உரித்துப் போடும். உள்ளிருந்து வரும் புதுத்தோல் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். மழையில் நனைந்தால் இன்னும் ஆழமாகத் தெரியும். ஸ்கிரிப்ளி கம் என்ற மரத்தின் வெள்ளைத் தண்டில், ஒரு சின்ன அந்துப்பூச்சியின் புழு பட்டைக்கடியில் தின்றுகொண்டே போன தடம் கிறுக்கல் எழுத்துப் போல இருக்கும். குழந்தைகள் அந்த மரத்தை விட்டு நகர மாட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு பாருங்கள். பிறகு இந்தக் கேள்வியை நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

எந்த மாசம் வந்தா பூ பார்க்கலாம்?

சிட்னியில் பூவே இல்லாத மாதம் கிடையாது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் வாட்டில் மஞ்சள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வாரட்டா, போரோனியா, ஃபிளானல் பூ எனக் காட்டின் தரையே நிறம் மாறும். அக்டோபர், நவம்பரில் பாட்டில்பிரஷ்ஷும் சில்வர் ஓக்கும். நவம்பர், டிசம்பரில் இல்லவாரா ஃபிளேம் மரம் இலையைக் கொட்டிவிட்டுச் செக்கச்செவேலென்று சின்னச் சின்ன மணிகளாகப் பூக்கும். உச்சக் கோடையில் சிவப்புப் பூ யூகலிப்டஸ். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை பாங்க்சியா.

ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால் செப்டம்பரில் வாருங்கள். காட்டுப்பூக்கள் அதிகம், வெயில் இதம், பகலும் நீண்டுகொண்டிருக்கும்.

வாட்டில், வாட்டில்னு சொல்றீங்களே, அது நம்ம ஊர் மரம் எதுக்காவது உறவா?

நெருங்கிய உறவுதான். நம் கருவேலமும் வெள்வேலமும் வாட்டிலும் வெகுகாலம் அக்கேசியா என்ற ஒரே பேரினத்தில்தான் வைக்கப்பட்டிருந்தன, பின்னால்தான் பிரித்தார்கள். வேலம்பூவைப் பார்த்தவர்களுக்கு வாட்டில் பூவை அறிமுகப்படுத்தவே வேண்டாம். அதே மஞ்சள் பஞ்சுருண்டை. ஆனால் கிளை தெரியாமல் மூடிக்கொண்டு பூக்கும்.

பல வாட்டில்களில் இலைபோலத் தெரிவது இலையே அல்ல, தட்டையாகிப்போன இலைக்காம்பு. நாற்றாக இருக்கும்போது வேல மரத்தைப் போலவே சிறுசிறு இலைகள் இருக்கும்; வளர வளர அவை போய்க் காம்பே இலையின் வேலையைச் செய்யும். வறண்ட நிலத்தில் நீரைச் சேமிக்க மரம் கண்டுபிடித்த வழி இது.

கோல்டன் வாட்டில்தான் நாட்டின் மலர். 1988 செப்டம்பர் 1 அன்று அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள். கிரிக்கெட் அணியின் பச்சையும் பொன்னிறமும் 1984 முதல் தேசிய நிறங்கள். 1992இலிருந்து ஒவ்வொரு செப்டம்பர் 1உம் தேசிய வாட்டில் தினம். இதற்கெல்லாம் பல ஆயிரம் ஆண்டு முன்பே இம்மண்ணின் பூர்வகுடி மக்கள் வாட்டில் விதையை வறுத்து அரைத்து உணவாக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஊட்டியில இருக்கிற யூகலிப்டஸும் இதுவும் ஒண்ணா?

ஒன்றேதான். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ்காரர்கள் விறகுக்காக நீலகிரிக்குக் கொண்டுவந்தவற்றில் முக்கியமானது டாஸ்மேனியன் புளூ கம். அது டாஸ்மேனியாவின் மாநில மலர். சளி பிடித்தால் நெஞ்சில் தேய்க்கிற நீலகிரித் தைலம் அந்த இலையிலிருந்து வருவது. நீலகிரிக்காரர்கள் கற்பூர மரம் என்பார்கள். அவர்கள் சீகை மரம் என்று சொல்வது இங்கத்து வாட்டில். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் கிழக்கு ஆஸ்திரேலியாவின் மழைக்காட்டு மரம். ஊட்டிக்கும் வால்பாறைக்கும் போய் வந்தவர்கள் தெரியாமலே பாதி ஆஸ்திரேலியாவைப் பார்த்திருக்கிறார்கள்.

ஊட்டியிலிருந்து வந்த ஒரு ஐயா, "இந்த மரத்தை அங்கே வெட்டச் சொல்கிறார்கள், நீங்கள் ரசிக்கச் சொல்கிறீர்களே" என்று கேட்டார். இரண்டும் சரிதான். நீலகிரியில் கற்பூர மரமும் சீகையும் சோலைக்காட்டையும் புல்வெளியையும் விழுங்கிவிட்டன. அங்கே அவற்றின் விதைக்கும் தழைக்கும் கணக்குத் தீர்க்கிற பூச்சிகள் இல்லை. இங்கே அதே மரத்தை நம்பிக் கோவாலாவும் கிளியும் பழந்தின்னி வௌவாலும் வாழ்கின்றன. அதன் சொந்த வீட்டில் அதைப் பார்க்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சியே தனி. அவரே ஒரு இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

யூகலிப்டஸ் பூவுல இதழே காணோமே, வெறும் நார் நாரா இருக்கே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். மொட்டின் மேல் ஒரு சின்னத் தொப்பி இருக்கும். இதழ்கள் ஒட்டிக்கொண்டுதான் அந்தத் தொப்பி ஆகியிருக்கிறது. மலரும்போது தொப்பி கழன்று விழும். உள்ளே சுருண்டிருந்த மகரந்தத்தாள்கள் விசிறிபோல விரியும். நாம் பார்க்கும் வெள்ளையும் சிவப்பும் அவற்றின் நிறமே. யூகலிப்டஸ் என்ற கிரேக்கப் பெயருக்கே 'நன்றாக மூடப்பட்டது' என்றுதான் பொருள்.

கொய்யா, நாவல், யூகலிப்டஸ், பாட்டில்பிரஷ் எல்லாம் ஒரே குடும்பம். அடுத்த முறை நாவல் மரம் பூக்கும்போது அடியில் பாருங்கள். அதிலும் இதே மாதிரி மெல்லிய தொப்பிகள் உதிர்ந்து கிடக்கும்.

ஜக்கரண்டா இஞ்சத்தைய மரந்தானே?

இல்லை. தென் அமெரிக்க மரம். நவம்பரில் சிட்னியின் கிரிபில்லி தெருக்கள் ஊதாவாகும்போது எல்லோரும் படமெடுக்கப் போவதால் அப்படித் தோன்றுகிறது. வடக்கே கிராஃப்டன் ஊரில் அதற்கொரு திருவிழாவே உண்டு. அழகுதான், போய்ப் பாருங்கள். ஆனால் அதே வாரத்தில், பல இடங்களில் அதே தெருவில், இல்லவாரா ஃபிளேம் மரம் சிவந்து நிற்கும். அது இந்த மண்ணின் மரம். தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கமும் திருப்புங்கள்.

கம்பளிப்பூச்சி கூம்பு மாதிரி ஒண்ணு மரத்துல நிக்குதே, அது பூவா காயா?

பாங்க்சியா. இரண்டுமே உண்டு, பல நேரம் ஒரே கிளையில். பொன்னிறமாக நிமிர்ந்து நிற்பது ஒரு பூவல்ல. நூற்றுக்கணக்கான, சில வகைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிப் பூக்கள் வரிசை கட்டி நிற்கும் கொத்து. பக்கத்தில் கறுத்து, மூடிய வாய்கள் போலத் தெரிவது காய்ப்பகுதி. பல வகைகளில் அந்த வாய்கள் தீயின் சூட்டில்தான் திறக்கும். தீ போன பிறகு சாம்பலில் விதை விழும்.

1770இல் கேப்டன் குக்குடன் கப்பலில் வந்த ஜோசப் பாங்க்ஸ், இன்று சிட்னி விமான நிலையம் இருக்கிற பாட்டனி விரிகுடாக் கரையில் இதைச் சேகரித்தார். பெயர் அவருடையது. பூர்வகுடி மக்கள் இந்தப் பூவைத் தண்ணீரில் ஊறவைத்து இனிப்பு நீராகக் குடித்திருக்கிறார்கள். காலையில் தேனுண்ணிக் குருவிகள் இதில் தலைகீழாகத் தொங்குவதைப் பார்க்க பைனாகுலர் இருந்தால் எடுத்து வாருங்கள்.

கிறிஸ்துமஸ் புஷ் டிசம்பர்ல சிவப்பா பூக்குதே, அதுவாவது இதழ் உள்ள பூவா?

அதுவும் இல்லை. அதன் உண்மையான பூ வசந்தத்தில் வெள்ளையாக, கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக வந்து போய்விடும். பிறகு பூவுக்கு அடியில் இருக்கும் புல்லி இதழ்கள் பெருத்துச் சிவக்கும். டிசம்பரில் நாம் பூ என்று பார்ப்பது அதைத்தான்.

சிட்னியில எங்க போகலாம்? வீல்சேர்ல அம்மா இருக்காங்க.

அம்மாவோடு என்றால் தென்மேற்கில் மவுண்ட் அன்னான் தாவரவியல் பூங்கா. 416 ஹெக்டேர், 1988இல் திறந்தது, நுழைவு இலவசம். காரை உள்ளேயே பல இடங்களில் நிறுத்தலாம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அங்கே காகித டெய்சிகள் பாத்தி பாத்தியாக விரிந்திருக்கும். தொட்டால் உண்மையாகவே காகிதம்போலச் சரசரக்கும். செயின்ட் ஐவ்ஸில் உள்ள கூ-ரிங்-கை காட்டுப்பூத் தோட்டமும் இலவசம். அங்கே எளிதான பாதைகளும் உண்டு, இறங்கி ஏறும் பாதைகளும் உண்டு.

நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு ராயல் தேசியப் பூங்கா. கார் நுழைவுக் கட்டணம் உண்டு. வசந்தத்தில் அங்கே கைமியா லில்லியைத் தேடுங்கள். ஆள் உயரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு வரை உயர்ந்த ஒற்றைத் தண்டின் உச்சியில் சிவப்புப் பூக்கொத்து. வாரட்டாவை நியூ சவுத் வேல்ஸின் மாநில மலராகப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதைக் காட்டில் பார்க்க முவோகமாரா காப்பகம் போகலாம். வசந்தத்தில் சில வார இறுதிகளில் மட்டும் திறப்பார்கள், முன்பதிவு தேவை. அதைத் தவறவிட்டால் கவலை வேண்டாம், புளூ மவுண்டன்ஸ் குளிர்ப் பகுதி என்பதால் அங்கே வாரட்டா சில வாரம் தாமதமாகப் பூக்கும்.

மெல்பர்ன், கான்பெரா, பெர்த்ல இருக்கிறவங்க என்ன செய்ய?

கான்பெராவில் தேசியத் தாவரவியல் பூங்கா முழுக்க ஆஸ்திரேலியத் தாவரங்கள்தான். மெல்பர்னில் கிரான்போர்ன் தோட்டம். செப்டம்பரில் மூன்று நாள் கிடைத்தால் கிராம்பியன்ஸ் மலை.

பெர்த்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான். மேற்கு ஆஸ்திரேலியாவில் 12,000க்கும் மேற்பட்ட காட்டுப்பூ வகைகள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதவை. ஜூன், ஜூலையில் வெப்பமான வடக்கில் தொடங்கி, நவம்பரில் தென்கரையில் முடிகிறவரை பூ தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டே வரும். ஆகஸ்ட் மத்தியில் முல்லேவா, கோல்சீம் பக்கம் போனால் எவர்லாஸ்டிங் பூக்கள் கண்ணுக்கெட்டும் தூரம் வெள்ளையும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பாய் விரித்திருக்கும். பிண்டார் என்ற சிற்றூர்ப் பக்கம் செம்மண் சாலையோரத்தில் வளையப்பூ பூக்கும். செடியின் நடு வெறுமையாக இருக்க, விளிம்பைச் சுற்றி மட்டும் பூத்து, யாரோ கட்டித் தரையில் வைத்த மலர்வளையம் போல இருக்கும். எவ்வளவு பூக்கும் என்பது அந்தக் குளிர்கால மழையைப் பொறுத்தது, புறப்படும்முன் விசாரித்துவிடுங்கள். ஊரைவிட்டு நகர முடியாதவர்களுக்கு செப்டம்பரில் கிங்ஸ் பார்க் இருக்கிறது. அங்கே 'கங்காரு பா' (kangaroo paw) என்ற பூவைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

பூஜைக்கு நாலு பூ பறிச்சா என்ன ஆகிடப் போகுது?

தேசியப் பூங்காவிலும் காப்பகத்திலும் பூ, விதை, கிளை எதையும் எடுக்கக் கூடாது. அபராதம் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் பூர்வீகத் தாவரங்களுக்குச் சாலையோரத்திலும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. வாரட்டா ஒரு பூ விட்டு விதையாக நீண்ட நாள் ஆகும், அதற்குள் அந்தத் தேனை நம்பி வரும் குருவிகளும் பல.

சாமிக்கு வைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. நாற்றங்காலில் கிரெவில்லியா என்ற பூர்வீகப் பூச்செடி ஒன்று வாங்கி வீட்டில் வைத்தேன். வருடத்தில் பெரும்பகுதி பூக்கிறது, முதல் கொத்து பிள்ளையாருக்குத்தான். பண்ணையில் வளர்த்த வாரட்டாவும் கங்காரு பாவும் பூக்கடைகளில் கிடைக்கும்.

வாட்டில் பூத்தாலே எனக்குத் தும்மல். அந்தப் பக்கம் நான் எப்படி வர்றது?

வாட்டில் மகரந்தம் கனமானது, கொத்தாக ஒட்டியிருப்பது. காற்றில் வெகுதூரம் பறக்காது. அது ஒத்துக்கொள்ளாதவர்கள் இல்லாமலில்லை. ஆனால் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற மஞ்சள்மேல் பழி விழ, சைப்ரஸ், பிளேன் போன்ற வெளிநாட்டு மரங்களும் ரை புல்லும் தப்பித்துக்கொள்கின்றன. மருத்துவரிடம் ஒவ்வாமைப் பரிசோதனை செய்து எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 2016 நவம்பர் 21 அன்று மெல்பர்னில் இடிமழையோடு புல் மகரந்தம் நுண்துகள்களாக உடைந்து பரவி, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் இந்திய, தெற்காசியப் பின்னணி உள்ளவர்கள் விகிதத்துக்கு மேல் இருந்தார்கள். பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா இருந்ததே தெரியாது, வெறும் தும்மல்தான். விக்டோரியாவில் இருந்தால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எச்சரிக்கை வரும் நாளில், மழைக்கு முந்திய காற்று வீசும்போது வீட்டுக்குள் இருங்கள். ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் பையிலேயே இருக்கட்டும்.

பாம்பு இருக்குமா? மேக்பை கொத்துமாமே?

இரண்டும் உண்மை. பாதையை விட்டு இறங்காதீர்கள், மூடிய ஷூ போடுங்கள், படமெடுக்கப் புதருக்குள் காலை வைக்காதீர்கள். பாம்பு கடித்தால் ஆளை அசைய விடாமல் அவசர எண் 000க்கு அழைக்க வேண்டும். மேக்பை பறவை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கூட்டைக் காக்கப் பாய்ந்து வரும். தொப்பி போட்டு, அதைப் பார்த்துக்கொண்டே அமைதியாகக் கடந்துவிடலாம். வீடு திரும்பியதும் காதோரம், கழுத்து, முழங்கால் மடிப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

தீயில எரிஞ்ச காட்டுக்குப் போய் பூ பார்க்கிறாங்களே, அது எப்படி?

பாங்க்சியாவின் காய் தீயில் திறப்பதை மேலே சொன்னேன். அது ஒரு வழி. வாரட்டாவுக்கு வேறு வழி. மண்ணுக்கடியில் கிழங்குபோலத் தடித்த அடிக்கட்டை இருக்கிறது, மேலே எல்லாம் கருகினாலும் அதிலிருந்து துளிர்க்கும். புல்மரம் எரிந்த பிறகுதான் ஆவேசமாகப் பூக்கும்.

2019–20 கோடையில் புளூ மவுண்டன்ஸ் எரிந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2021 தொடக்கத்தில், அந்தக் கரிய நிலத்தில் இளஞ்சிவப்பு ஃபிளானல் பூக்கள் ஆயிரமாயிரமாக வந்தன. மண்ணில் பல ஆண்டு உறங்கும் அவற்றின் விதை எழும்ப, தீயின் புகையும் அடுத்து நல்ல மழையும் வேண்டும். நாங்களும் போயிருந்தோம். கரிக்கட்டையாக நின்ற மரங்களுக்கு நடுவே முழங்காலுக்குக் கீழே அந்தப் பூக்கள். வழக்கமாகச் சளசளவென்று பேசிக்கொண்டு நடக்கிற எங்கள் கூட்டம் அன்று பேசவே இல்லை.

கிரெவில்லியா வாங்கி வச்சேன், நல்லா எரு போட்டேன், செத்துப் போச்சு. ஏன்?

எருதான் காரணமாக இருக்கும். என் முதல் செடியும் கோழி எருவில்தான் போனது. கிரெவில்லியா, பாங்க்சியா, வாரட்டா எல்லாம் பாஸ்பரஸ் மிகக் குறைந்த மண்ணில் வாழப் பழகியவை. கிடைக்கிற துளியையும் உறிஞ்சுவதற்கென்றே குஞ்சம் குஞ்சமாக வேர் விடும். அதில் பாஸ்பரஸைக் கொட்டினால் நஞ்சாகிவிடும். பூர்வீகத் தாவரங்களுக்கு என்று பாஸ்பரஸ் குறைத்து விற்கிற உரத்தைக் கொஞ்சமாகப் போடுங்கள், தண்ணீர் தேங்காமல் பாருங்கள்.

இன்னொன்று: ஆஸ்திரேலிய மரம் என்பதால் ஆஸ்திரேலியா முழுக்க நடலாம் என்று இல்லை. கூட்டமுண்ட்ரா வாட்டில் ஜூலையில் கொள்ளை அழகு. ஆனால் அதன் சொந்தப் பகுதிக்கு வெளியே பல இடங்களில் களையாகப் பரவிவிட்டது. நீலகிரியின் கதைதான், இங்கே நாட்டுக்குள்ளேயே. நடும்முன் உங்கள் கவுன்சிலின் பட்டியலைப் பாருங்கள்.

இலை நிறம் மாறுற மரம் இங்க இல்லவே இல்லையா?

தெருக்களில் சிவப்பது எல்லாம் வெளியிலிருந்து வந்த மரங்கள். குளிருக்கு முன் மொத்த இலையையும் நிறம் மாற்றிக் கொட்டும் குளிர்ப் பகுதிப் பூர்வீக மரம் ஒன்றே ஒன்று, டாஸ்மேனியாவின் ஃபேகஸ். ஏப்ரல் கடைசியில் கிரேடில் மவுண்டனிலும் மவுண்ட் ஃபீல்டிலும் பார்க்கலாம்.

செப்டம்பர்லதான் வசந்தம்னா, வாட்டில் ஏன் ஜூலையிலயே பூக்குது? இது என்ன கணக்கு?

நான்கு பருவக் கணக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. மரம் அதைப் படிக்கவில்லை. தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கார் மக்களுக்கு ஆண்டில் ஆறு பருவம்: பிராக், புனுரு, ஜெரான், மக்குரு, ஜில்பா, கம்பராங். பூக்கள் தொடங்குவது ஆகஸ்ட், செப்டம்பரின் ஜில்பாவில். உச்சம் அக்டோபர், நவம்பரின் கம்பராங்கில்.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பிரித்து, நிலத்துக்கே குறிஞ்சி, முல்லை என்று பூவின் பெயர் வைத்த மொழிக்காரர்கள் நாம். இதைச் சொன்னதும் ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடுகிறது. மற்ற பகுதி மக்களுக்கு வேறு வேறு கணக்குகள் உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தின் பூர்வகுடிப் பருவங்கள் என்ன என்று உள்ளூர் நூலகத்தில் கேளுங்கள்.

அம்மா அப்பா மே மாசம்தான் வர்றாங்க. அப்போ ஒண்ணுமே இருக்காதா?

இருக்கும். வாரட்டாவும் டெய்சியும் கிடைக்காது, அவ்வளவுதான். ஹீத் பாங்க்சியா ஆரஞ்சு விளக்குகள்போல எரிகிற மாதம் அது. சன்ஷைன் வாட்டிலும் ஆங்காங்கே மஞ்சளாக இருக்கும். ராயல் தேசியப் பூங்காவின் கடற்கரைப் பாதையில் காலை எட்டு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். வெயில் ஏறும்வரை குருவிகள் பூவை விட்டுப் போகாது. மாதக் கடைசி என்றால் கடல் பக்கமும் ஒரு கண் வையுங்கள், திமிங்கிலங்கள் வடக்கே போகத் தொடங்கியிருக்கும். அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர், ஃபிளாஸ்கில் காபி. காற்று அங்கே பலமாக வீசும்.